கூடாரமா, ஆர்வியா, கேபினா: 2020 கோடையில் தெற்கு டகோட்டா

2020 கோடையில் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் வாழ்ந்த எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் கார் மட்டும்தான் மிச்சம். கொரோனா பரவிய நேரம், விமானம் ஏறத் துணிவில்லை. மார்ச்சில் இந்தியா பன்னாட்டு விமானங்களை நிறுத்தியதால், பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்த பெற்றோர் பலர் ஊர் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டுதான் எங்கும் போக வேண்டும். மினியாபோலிஸ் பக்கத்திலிருந்து கிளம்பி ஐ-90 நெடுஞ்சாலையில் மேற்கே ஓட்டினால், 500 மைலுக்குச் சற்று மேல் பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா. தெற்கு டகோட்டா மாநிலம் முழு ஊரடங்கு போடவே இல்லை. அது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். பயணம் போகிறவர்களுக்குச் சாலை திறந்திருந்தது.

எங்கே தூங்குவது என்பதில்தான் ஒவ்வொரு வீட்டிலும் வழக்கு. சொந்தக் காரும் கூடாரமுமா, வீடே சக்கரத்தில் ஓடும் ஆர்வியை வாடகைக்கு எடுப்பதா, முகாம்களில் இருக்கும் சிறு மரக் கேபினா? பெரும்பாலோர் மெத்தை, கழிப்பறை, ஏசி என்று வசதிகளை அடுக்கி ஒப்பிட்டார்கள். நான் கேட்பது வேறு கேள்வி: எதில் போனால் வழியில் அதிகம் பார்க்கலாம்? ஐ-90 பயணத்தின் பாதிச் சுவை சாலையோரத்தில் இருக்கிறது.

ஆர்வியின் பக்கம் ஒரே ஒரு பெரிய வாதம் உண்டு, அது கழிப்பறை. அந்த ஆண்டு கோடையில் பெட்ரோல் நிலையக் கழிப்பறைக் கதவின் கைப்பிடியைத் தொடுவதே பலருக்கு நடுக்கமாக இருந்தது. ஆர்வியில் கழிப்பறை, குளிர்பதனப் பெட்டி, அடுப்பு, படுக்கை எல்லாம் கூடவே வருகின்றன. தோசை மாவைக் கெடாமல் கொண்டுபோகலாம். முட்டிவலி உள்ள அம்மா தரையிலிருந்து எழத் தவிக்க வேண்டியதில்லை. அதனால்தான் அந்தக் கோடையில் ஆர்வி வாடகைக்குக் கிடைப்பதே அரிதானது.

எரிபொருள் செலவைச் சொல்லிப் பலர் ஆர்வியைத் தள்ளினார்கள். அது பலவீனமான காரணம். போக வர, சுற்றிப் பார்க்க என்று 1,300 மைல் வைத்துக்கொள்வோம். கேலனுக்கு 10 மைல் தரும் ஆர்விக்கு 130 கேலன், 25 மைல் தரும் மினிவேனுக்கு 52 கேலன். அந்த ஆண்டு கேலன் விலை இரண்டு டாலருக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது; ஆக வித்தியாசம் இருநூறு டாலருக்குள் முடிந்துவிடும். பையைக் கடிப்பது நாள் வாடகையும் மைல் கட்டணமும் காப்பீடும்தான். கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் வேலையும் உண்டு. கையுறை மாட்டிக்கொண்டு குழாயைப் பிடிக்கப்போவது யார் என்று கிளம்பும் முன்பே வீட்டில் முடிவு செய்துவிடுவது நல்லது.

என் தடை இவை எதுவும் இல்லை. சமவெளியின் குறுக்குக் காற்றில் ஆர்வி தேர் போல அசைகிறது; ஓட்டிப் பழகாதவர் தோள் இறுகி உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்டவர், சாலையோரத்தில் ஒரு விசித்திரச் சிலையைக் கண்டு பிள்ளைகள் கூச்சலிட்டால் நிறுத்துவாரா? மாட்டார். முகாமில் ஒருமுறை மின்சாரமும் தண்ணீர்க் குழாயும் இணைத்துவிட்டால், சாயங்காலம் ஐந்து மைல் தள்ளிப் போய் வரக்கூட எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பேட்லாண்ட்ஸுக்கு மேற்கே உள்ள பிளாக் ஹில்ஸ் மலைகளில் நிலைமை இன்னும் மோசம். கஸ்டர் மாநிலப் பூங்காவின் நீடில்ஸ் சாலை 1922-இல் முடிந்தது. அதில் பாறையைக் குடைந்த 'ஊசிக்காது' சுரங்கத்தின் அகலம் சுமார் எட்டு அடிதான். வாடகை ஆர்வியின் அகலமே ஏறக்குறைய அவ்வளவு. அங்கே மினிவேனே கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு போனால் ஓட்டுநருக்கு நிம்மதி. அந்தச் சாலையை விட்டுவிட்டுப் பிளாக் ஹில்ஸைப் பார்த்தேன் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

கூடாரத்துக்கு வருவோம். பேட்லாண்ட்ஸில் சேஜ் கிரீக் என்றொரு முகாம் இருக்கிறது. கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை. தார் போடாத சாலையில் போக வேண்டும். பதினெட்டு அடிக்கு மேல் நீளமான ஆர்விகளுக்கு அனுமதி கிடையாது. தண்ணீரும் கிடையாது, குழிக் கழிப்பறைதான். புல்வெளி நடுவே கூடாரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும். காலையில் கதவின் ஜிப்பைத் திறந்தால் தூரத்தில் காட்டெருமைகள் மேய்ந்துகொண்டிருக்கும். அவற்றிடமிருந்து நூறு கஜமாவது தள்ளியிருக்க வேண்டும் என்பது பூங்காவின் விதி. மனிதருக்கு ஆறடி, எருமைக்கு முந்நூறு அடி என்று பிள்ளைகள் அந்த ஆண்டு இடைவெளிக் கணக்கு படித்தார்கள்.

கூடாரத்தின் குறைகளும் சிறியவை அல்ல. பேட்லாண்ட்ஸில் கோடை வெயில் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டுவது சாதாரணம், நிழல் கிடையாது. இரவில் இடிமழையோடு வரும் காற்று மலிவுக் கூடாரத்தின் கம்பியை வளைத்துவிடும். புல்வெளித் தீக்கு அஞ்சிப் பூங்காவுக்குள் விறகு மூட்டவும் தடை; கேஸ் அடுப்பில்தான் சமையல். கழிப்பறைப் பயத்துக்கு எளிய மருந்து உண்டு: முகாம் கடைகளில் விற்கும் வாளிக் கழிப்பறையும், அதற்கென்று நிமிர்த்தி நிறுத்தும் ஆளுயர மறைப்பும். முதலில் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். இருநூறு மைலுக்குப் பிறகு யாரும் சுளிப்பதில்லை. ஆர்வியின் மிகப் பெரிய வாதம் ஒரு வாளியில் அடங்கிவிடுகிறது என்பதே என் கட்சி.

கேபின் இரண்டுக்கும் நடுவில். கஸ்டர் பூங்காவில் கிடைப்பவை கட்டில், மின்விளக்கு, குளிர்சாதனம் உள்ள சிறு மர அறைகள். விரிப்பு நாம் கொண்டுபோக வேண்டும், கழிப்பறை பொதுவானது. முந்தைய நாள் யார் படுத்த கட்டிலோ என்ற அச்சம் அப்போது பலமாக இருந்தது. தொற்று பெரும்பாலும் காற்றின் வழியே பரவுகிறது, பொருள்களைத் தொடுவதால் வரும் ஆபத்து குறைவு என்று பிற்பாடு தெளிவானபோது, நாம் கிருமிநாசினி போட்டுத் துடைத்த மேசைகளை நினைத்துச் சிரிப்பு வந்தது. கேபினில் நுழைந்ததும் ஜன்னல்களைத் திறந்துவைத்திருந்தாலே போதும். பெரியவர்கள் உடன் வந்தால் நான் ஆர்விக்கு முன்னால் கேபினையே வைப்பேன். அவர்கள் கட்டிலில் படுக்க, இடமும் விதியும் அனுமதித்தால் இளையவர்கள் பக்கத்திலேயே கூடாரம் போடலாம்.

சாலையோர நிறுத்தங்களுக்கு அந்த ஆண்டு ஒரே அளவுகோல்: கூரை உண்டா, இல்லையா? கூரை இல்லாதவையே வென்றன. மினசோட்டாவின் புளூ எர்த் ஊரில் 55 அடிப் பச்சை ராட்சதன் சிலை. ஆரம்பத்திலேயே பிள்ளைகளின் காலை நீட்ட நல்ல இடம். மான்ட்ரோஸ் அருகே போர்ட்டர் சிற்பப் பூங்காவில் 60 அடி உயரக் காளைத் தலை நிற்கிறது. ரஷ்மோர் மலையில் செதுக்கிய ஜனாதிபதி முகங்களின் உயரமும் அதே 60 அடிதான்! ஆனால் காளையைச் சுற்றி நடக்கலாம், கூட்டமும் இல்லை. மிட்செல் ஊரின் சோள மாளிகைக்கு உள்ளே போகத் தேவையில்லை. பல நிறச் சோளக் கதிர்களால் ஆன சித்திரங்கள் வெளிச்சுவரிலேயே இருக்கின்றன.

இவற்றுள் என் முதல் இடம் சேம்பர்லெய்னில் மிசூரி ஆற்றைப் பார்த்து நிற்கும் 'டிக்னிட்டி' சிலைக்கு. நட்சத்திரப் போர்வையைத் தோளில் விரித்த பழங்குடிப் பெண்ணின் 50 அடி எஃகு உருவம், 2016-இல் நிறுவியது. அது நெடுஞ்சாலை ஓய்விடத்திலேயே இருக்கிறது. இறங்கினால் ஆற்றுக் காற்று, இலவசம். அதன் எதிர்முனை 'வால் டிரக்' (Wall Drug). வழி நெடுக விளம்பரப் பலகை வைத்து, இலவசக் குளிர்நீர் தருகிறோம் என்று 1930-களிலிருந்து கூவி அழைக்கும் பெருங்கடை. உள்ளே நெருக்கம், முகக்கவசம் கட்டாயம் என்று மாநில அரசு சொல்லவும் இல்லை. நெடுஞ்சாலையோரம் நிற்கும் அதன் 80 அடி டைனோசரைக் காரிலிருந்தே பார்த்தால் போதும். கூரையை நம்பாதவர்களுக்கு பனிப்போர்க் காலத்து டெல்டா-09 ஏவுகணைக் குழி நல்ல மாற்று: வெட்டவெளியில், கண்ணாடி மூடி வழியே எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.

தேதியையும் ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும். ஆகஸ்ட் 7 முதல் 16 வரை ஸ்டர்ஜிஸ் மோட்டார் சைக்கிள் விழாவுக்கு லட்சக்கணக்கானோர் பிளாக் ஹில்ஸ் மலைகளில் குவிந்தார்கள். அந்த வாரத்தில் கூடாரமா ஆர்வியா என்ற கேள்விக்கே பொருளில்லை. ஜூன் இறுதியில் போய்விட்டு வந்திருக்க வேண்டும். லக்கோட்டா பழங்குடி மக்களின் பைன் ரிட்ஜ் பகுதி வேறு விஷயம். தங்கள் முதியோரைக் காக்க அவர்கள் எல்லையில் சோதனைச் சாவடி போட்டிருந்தார்கள். பேட்லாண்ட்ஸின் தென்பகுதி அவர்கள் நிலத்தில்தான் இருக்கிறது. எந்த வண்டியில் வந்தவரும் அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்ததே மரியாதை.