முகமதிப்பு விடுபட்ட கணினித் தபால்தலை, 'அரிய பிழை' என்று விற்கிறார்கள்: வாங்காதீர்கள்

கணினித் தபால்தலைகளை, அதாவது அஞ்சல் கட்டணத்தை வீட்டுக் கணினியிலேயே அச்சிட்டு ஒட்டும் லேபிள்களைச் சேர்ப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். இணையத்தில் தபால்தலை விற்கும் ஒருவர் எனக்கு இரண்டு பொருள்களை நல்ல விலைக்கு விற்றார். இரண்டும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. ஒன்று, முகமதிப்பும் (அதாவது கட்டணத் தொகையும்) பார்கோடும் அச்சாகாமல் விடுபட்டுப்போன மூன்று லேபிள்கள் கொண்ட துண்டு. மற்றது, அதே வகை லேபிள் ஒட்டித் தபாலில் போய்வந்ததாகச் சொல்லப்பட்ட உறை. "இப்படி வேறெங்கும் கிடையாது" என்று விளம்பரத்தில் போட்டிருந்தார், கூடவே ஒரு சான்றிதழும் அனுப்பினார். இரண்டுமே ஏமாற்று வேலை.

முதலில் துண்டைப் பற்றிச் சொல்கிறேன். சுவிட்சர்லாந்து 1976-ல் தானியங்கி இயந்திரத்தில் லேபிள் அச்சிட்டுத் தர ஆரம்பித்தது. அந்த மாதிரி இயந்திரத்தில் மை தீர்ந்தோ, தாள் சிக்கியோ மதிப்பு விழாமல் ஒரு லேபிள் வெளியே வந்தால் அது நிஜமான பிழைதான். இயந்திரம் அஞ்சல் துறையின் கையில் இருக்கிறது, அதன் கண்ணுக்குத் தப்பி வந்ததால்தான் சேகரிப்பாளர்கள் அதற்குப் பணம் கொடுக்கிறார்கள். வீட்டுக் கணினியில் அச்சிடும் தபால்தலை அப்படி இல்லை. அமெரிக்காவில் 1999 ஆகஸ்டில் இதற்கு அனுமதி கிடைத்தது. ஆரம்பத்தில் உறை மீதே கட்டணத்தை அச்சிட்டார்கள், பிறகு ஒட்டும் லேபிள்கள் வந்தன. படமும் வரிசை எண்ணும் முன்கூட்டியே அச்சான வெற்று லேபிள் தாளை யாரும் காசு கொடுத்து வாங்கலாம். மதிப்பும் பார்கோடும் வாங்கியவரின் அச்சுப்பொறியில்தான் விழும். அப்படியானால் மதிப்பு விடுபட்ட லேபிள் என்பது என்ன? இன்னும் அச்சுப்பொறிக்குள் போகாத தாள், அவ்வளவுதான். அதில் அஞ்சல் கட்டணம் எதுவும் செலுத்தப்படவில்லை, யாருடைய கண்ணுக்கும் அது தப்பி வரவும் இல்லை.

இதைக் கேட்டதும் விற்றவர் ஒரு பட்டியல் எண்ணைக் காட்டினார். சேகரிப்பாளர்கள் பயன்படுத்தும் அமெரிக்கத் தபால்தலைப் பட்டியலான ஸ்காட்டில் இந்த வகைக்குத் தனிப் பிரிவு இருப்பது உண்மைதான். ஆனால் அவர் காட்டிய எண் மதிப்போடு ஒழுங்காக அச்சான லேபிளுக்கு உரியது. பிழை பற்றி அந்த இடத்தில் ஒரு வரிகூட இல்லை. பட்டியல் கையில் இல்லாதவரிடம் எண்ணைச் சொன்னாலே போதும், நம்பிவிடுவார் என்பதுதான் அவருடைய கணக்கு. சான்றிதழின் கதையும் இதேதான். அதில் கையெழுத்துப் போட்டிருந்தவரே அவர்தான். நியூயார்க்கில் 1945-ல் தொடங்கிய பிலாடெலிக் பவுண்டேஷன் போன்ற அமைப்புகள் பொருளை நேரில் பார்த்துவிட்டு, அதன் படத்தோடு எண்ணிட்ட சான்றிதழ் தருகின்றன. விற்பவரே எழுதிக் கொடுக்கும் தாளுக்கு எந்த மதிப்பும் கிடையாது.

உறைதான் எனக்கு அதிகக் கோபத்தைக் கிளப்பியது. கணினித் தபால்தலையில் இருக்கும் இருபரிமாணப் பார்கோடு வெறும் அலங்காரம் இல்லை. அச்சிட்ட கணக்கின் அடையாளம், கட்டணத் தொகை, அந்தக் கணக்கில் இதுவரை செலவான மொத்தத் தொகை, எண்ம (டிஜிட்டல்) முறையில் இட்ட கையொப்பம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஒவ்வொரு முறை அச்சிடும்போதும் மொத்தத் தொகை ஏறிக்கொண்டே போவதால் உண்மையான இரண்டு லேபிள்களில் ஒரே பார்கோடு வரவே வராது. இதே விற்பனையாளரிடம் உறை வாங்கிய ஒரு நண்பர் தன்னுடையதைப் படமெடுத்து அனுப்பினார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கட்டம் கட்டமாக, ஒரு புள்ளி மாறாமல் ஒரே பார்கோடு. வரிசை எண்ணும் அதேதான். பெறுநர் முகவரி மட்டும் வேறு.

அப்புறம் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது கருப்புக் கட்டங்களின் ஓரத்தில் நீலமும் இளஞ்சிவப்புமாகப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. வண்ண நகல் எடுத்தால் இப்படி வரும். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், வீட்டு அச்சுப்பொறி சில நேரம் கருப்பையே பல வண்ண மைகளைக் கலந்து அச்சிடும். உறையின் பின்பக்கத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் இயந்திரத்தில் பிரிக்கப்படும் கடிதங்களின் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் மங்கலாகக் கோடுகள் விழும், புற ஊதா விளக்கில் பளிச்சென்று தெரியும். என் உறையில் அதுவும் இல்லை, முன்பக்கம் அடியில் விழும் கோடுகளும் இல்லை. கையால் பிரித்த கடிதத்தில் இவை விடுபடலாம். கணினித் தபால்தலையில் பல நேரம் ரத்து முத்திரையே குத்த மாட்டார்கள் என்பதால், முத்திரை இல்லை என்பதை மட்டும் வைத்தும் சந்தேகப்பட முடியாது. விற்றவருக்கு இது ரொம்ப வசதியாகப் போய்விட்டது. பழைய தபால்தலை என்றால் முத்திரையைப் போலியாகச் செய்ய வேண்டும். இங்கே நகலை ஒட்டி முகவரி எழுதினால் வேலை முடிந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். உறையைத் திறந்து எடுத்துவிட்டதால் திரும்ப வாங்க முடியாது என்றார். பார்கோடு ஒன்றாக இருப்பதற்கான படங்களை அனுப்பினேன். அச்சிட்டவர் இரண்டு முறை அச்சிட்டிருப்பார், அதனால் இது இன்னும் அரியது என்று பதில் வந்தது! அதன் பிறகு அவரிடமிருந்து பதிலே இல்லை. விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்து இரண்டு பார்கோடுகளின் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

இந்தத் துறையை வெறும் ஸ்டிக்கர் என்று ஒதுக்கும் மூத்த சேகரிப்பாளர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடிதம் போகும் விதம் எப்படி மாறியது என்பதை இந்த லேபிள்கள்தான் காட்டுகின்றன. அன்றாடத் தபாலில் வந்த உறைகளைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பவர்களிடம் கேட்டு வாங்குங்கள், நல்ல பொருள் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது. விலைக்கு வாங்குவதானால் பார்கோடும் வரிசை எண்ணும் தெளிவாகத் தெரியும் படம், பின்பக்கத்தின் படம் இரண்டையும் முதலில் கேளுங்கள். அந்த விற்பனையாளர் படம் போடும்போது பார்கோடு மீது விரலை வைத்து மறைத்திருந்தார்.

அவருடைய விளம்பரம் இன்னும் இருக்கிறது, இப்போது வேறு முகமதிப்பில் விற்கிறார். இந்த மாதிரி உறையை யாராவது வாங்கியிருந்தால் பார்கோடு தெரியும்படி படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். ஒரே பார்கோடு உள்ள உறைகள் கூடுதலாகக் கிடைத்தால் புகாரில் அவற்றையும் சேர்த்துவிடலாம்.