பறக்கும் லங்காஸ்டரா, தரையில் ஓடும் லங்காஸ்டரா?

இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டர் மொத்தம் 7,377 கட்டப்பட்டன. இன்று பறப்பவை இரண்டே. அதில் பிஏ474 என்ற எண் கொண்டதை இங்கிலாந்தில் லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பி தளத்தில் பிரிட்டிஷ் விமானப்படை பராமரிக்கிறது. நான்கு மெர்லின் எஞ்சின்களும் ஒருசேர முழங்கித் தலைக்கு மேல் போவதற்கு ஈடே கிடையாது. ஆனால் ஒவ்வொரு மணி நேரப் பறப்பும் பழைய உலோகத்தைத் தேய்க்கும் என்பதால், அதை அளந்துதான் பறக்க விடுகிறார்கள்.

அதே மாவட்டத்தில், ஈஸ்ட் கிர்க்பியில் இருக்கும் என்எக்ஸ்611 'ஜஸ்ட் ஜேன்' பல ஆண்டுகளாகத் தரையில் ஓட்டிக் காட்டப்படுகிறது. மறுபடி பறக்க வைக்கும் வேலையும் நடக்கிறது. இதில் நாமே ஏறலாம். உடற்பகுதியின் குறுக்கே கிடக்கும் இறக்கைச் சட்டத்தைக் குனிந்து, காலைத் தூக்கித் தாண்டும்போதுதான், தீப்பிடித்த விமானத்திலிருந்து இருட்டில் வெளியேறுவது எவ்வளவு கடினம் என்று உறைக்கும். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகர் மீது 1944-ல் நடந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சுத் தாக்குதலில் அண்ணனைப் பறிகொடுத்த பாண்டன் சகோதரர்கள் அவர் நினைவாக வாங்கிய விமானம் இது.

ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால், ஓட்டம் நடக்கும் நாள் பார்த்து ஈஸ்ட் கிர்க்பிக்கே போங்கள்.