ஆறு வருடம், 47 ஈடு: வீட்டில் பீர் காய்ச்சிப் பார்த்த அனுபவம்

வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்கி ஆறு வருடம் முடிந்துவிட்டது. நோட்டில் 47 ஈடு பதிவாகியிருக்கிறது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 லிட்டர். மூன்றை முழுதாகக் கீழே கொட்டினேன். ஐந்தாறு ஏதோ குடிக்கலாம் என்ற அளவில் நின்றன. மீதியெல்லாம் நன்றாகவே வந்தன. ஏழெட்டு ஈடு, சிறு ஆலையில் செய்த நல்ல கிராஃப்ட் பீர் ஒன்றின் பக்கத்தில் வைத்தாலும் தைரியமாக ஊற்றிக் கொடுக்கலாம் என்னும்படி அமைந்தன. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எந்த ரெசிபி நல்லது?" என்பதுதான். ரெசிபியை அப்புறம் பார்க்கலாம், ஈஸ்ட் பத்து நாள் இருக்கப்போகும் இடம் எவ்வளவு சூடு என்று முதலில் பாருங்கள் என்பேன். இது எனக்குப் பிடிபட ஒன்றரை வருடம் ஆனது.

பவேரியாவில் 1516-இல் வந்த பீர் சட்டம் பார்லி, ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ), தண்ணீர் என்று மூன்றை மட்டும் சொல்கிறது. ஈஸ்ட்டின் பெயரே அதில் இல்லை, சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் நுண்ணுயிர் அது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் பீர் பற்றிய தன் ஆய்வை நூலாக வெளியிட்டது 1876-இல். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட்டைப் பிரித்துத் தூய்மையாக வளர்த்துக் காட்டியது 1883-இல். என் நோட்டின் முதல் பக்கங்களிலும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) எத்தனை கிலோ, ஹாப்ஸ் எத்தனை கிராம், எத்தனை நிமிடம் கொதித்தது என்று எல்லாம் இருக்கிறது. ஈஸ்ட்டுக்கு மட்டும் "ஒரு பாக்கெட் போட்டாச்சு" என்று ஒரே வரி.

காய்ச்சும் நாள் எனக்கு இன்றும் அலுக்கவில்லை. முதல் மூன்று ஈடு மால்ட் எக்ஸ்ட்ராக்ட் பாகை வைத்துச் செய்தேன். பாகைக் கரைத்து ஹாப்ஸுடன் கொதிக்க வைத்தால் போதும், தொடக்கத்துக்கு நல்ல வழி. நான்காவதிலிருந்து முளைகட்டி உலர்த்திய பார்லியையே உடைத்துப் பயன்படுத்துகிறேன். பெரிய பாத்திரத்தில் துணிப்பையை விரித்து, அதற்குள் மால்ட்டைக் கொட்டி 66 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைப்பேன். மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதை நாக்கிலேயே கண்டுபிடித்துவிடலாம். பத்தாவது நிமிடம் ஒரு கரண்டி எடுத்து நக்கினால் கஞ்சித் தண்ணீர் போல இருக்கும். அரை மணியில் இனிப்பு ஏறும். முடியும்போது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டும். 63 டிகிரிப் பக்கம் வைத்தால் ஈஸ்ட் முழுதாகத் தின்றுவிடக்கூடிய சர்க்கரை அதிகம் கிடைக்கும், பீர் மெலிதாக வரும். 69 பக்கம் போனால் கொஞ்சம் கனமாக, இனிப்பு தங்கி வரும். ஆறு டிகிரி வித்தியாசத்தில் வேறு பீர்!

அப்புறம் ஒரு மணி நேரக் கொதி. ஹாப்ஸை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகரும் பழக்கம் உண்டு எனக்கு. காஸ்கேட் என்ற வகையைத் தேய்த்தால் பம்பளிமாஸ் தோலைக் கிள்ளியது போல மணம் எழும், கை பிசுபிசுக்கும். தொடக்கத்திலேயே போட்டால் அந்த மணமெல்லாம் ஆவியோடு போய்க் கசப்பு மட்டும் மிஞ்சும். கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால் மணம் தங்கும், கசப்பு ஏறாது. கொதி தொடங்கும் அந்த நிமிடத்தில் மட்டும் அடுப்பை விட்டு நகரவே கூடாது. நுரை திடீரென்று எழும்பிப் பொங்கி வழிந்துவிடும், பாகு காய்ந்த அடுப்பைச் சுரண்டுவது அரை நாள் வேலை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆறாவது ஈடு ஒரு பேல் ஏல், அதாவது மிதமான சூட்டில் நொதிக்கும் ஏல் வகையில் வெளிர் நிற பீர். நிறம் அழகு, நுரை அழகு. நண்பன் ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கேட்டான்: "என்னடா, இதுல வெண்ணெய் ஏதும் போட்டியா?" எனக்கும் அது தெரிந்தது. நாக்கில் ஒரு வழவழப்பு, மூக்கில் வெண்ணெய் உருக்கும் வாசனை. பாத்திரத்தைச் சந்தேகப்பட்டேன், மால்ட்டைச் சந்தேகப்பட்டேன். காரணம் டைஅசிடைல் என்ற பொருள். நொதித்தலின் தொடக்கத்தில் ஈஸ்ட்டின் வேலையால்தான் அது உண்டாகிறது, கடைசியில் அதே ஈஸ்ட்தான் அதைத் திரும்ப உறிஞ்சி அழிக்கிறது. நான் ஏழாவது நாளே, ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பில்) குமிழி நின்றதும் வேலை முடிந்தது என்று பாட்டிலில் அடைத்துவிட்டேன். ஈஸ்ட் தன் குப்பையைத் தானே கூட்டி முடிக்க மூன்று நாள் கேட்டது, நான் கொடுக்கவில்லை.

இப்போது பாட்டிலில் அடைக்கும் முன் ஒரு சோதனை செய்கிறேன். இரண்டு சின்ன மூடி போட்ட குப்பியில் பீர் எடுத்து, ஒன்றை 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்து, ஆறியதும் இரண்டையும் முகர்ந்து பார்ப்பேன். சூடுபட்டதில் வெண்ணெய் வாடை வந்தால் இன்னும் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். இதற்குச் செலவே இல்லை. ஆனால் இதைப் போல உதவிய பழக்கம் வேறு எதுவும் இல்லை.

இன்னொன்று சூடு. நொதிக்கும்போது ஈஸ்ட்டே வெப்பத்தை வெளியிடும். அறை 24 டிகிரி என்றால் வாளிக்குள் 27, 28 கூடப் போகும். சாதாரண ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 வரை இதமான இடம். அதைத் தாண்டித் துள்ளவிட்டால் சாராய நெடி தொண்டையில் குத்தும், மறுநாள் தலையும் கனக்கும். பழைய பிரிட்ஜ் ஒன்றில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தி, அதன் உணர்கம்பியை வாளியின் மேல் ஒட்டி, வெளிக்காற்று படாமல் பஞ்சு வைத்து மூடினேன். பதினேழாவது ஈட்டிலிருந்து இப்படித்தான். நோட்டைப் புரட்டினால் பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவே யாரோ ஆளை மாற்றிவிட்டது போல இருக்கும், சுவைக் குறிப்பில் அவ்வளவு வித்தியாசம். ரெசிபி ஒன்றேதான். இந்த ஆறு வருடத்தில் வாங்கியதில் எதை விடமாட்டேன் என்று கேட்டால் யோசிக்காமல் அந்தக் கருவியைச் சொல்வேன்.

பிரிட்ஜ் வைக்க இடமில்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. நார்வேயின் மேற்குப் பகுதியில் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த க்வைக் என்ற ஈஸ்ட் 30 முதல் 40 டிகிரி சூட்டிலும் சுத்தமாக வேலை செய்கிறது. மூன்று, நான்கு நாளிலேயே முடித்துவிடும். வெயில் காலத்தில் இரண்டு முறை போட்டேன், லேசான ஆரஞ்சு மணத்தோடு அருமையாக வந்தது. எல்லா வகைக்கும் அது பொருந்தாது, ஆனால் சூட்டோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

கொட்டிய மூன்று ஈட்டுக்கும் காரணம் ஒன்றே. 21-ஆவது ஈடு முதல் வாரம் நன்றாக இருந்தது. மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தால் பாதி பாட்டில் நுரையாகப் பீறிட்டு வெளியே போயிற்று. மிச்சத்தைக் குடித்தால் மெலிந்து, கடைசியில் லேசாகப் புளித்தது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும். பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன், குழாயை மாற்றினேன். கடைசியில் வாளியின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் திருகுக் குழாயைப் பிடுங்கி, உள் உருளையைத் தள்ளிப் பார்த்தேன். இரண்டு துண்டும் சேரும் இடத்தில் நகக்கண் அளவுக்குப் பழுப்பாக வழவழவென்று ஒரு படலம். இருபது முறை சானிடைசரில் முக்கியிருக்கிறேன், ஆனால் ஒருமுறையும் அதைக் கழற்றியதில்லை. அழுக்கு இருக்கும் இடத்தில் சானிடைசர் வேலை செய்யாது. முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும், பிறகுதான் கிருமி நீக்கம். அன்றிலிருந்து திருகுக் குழாயே இல்லாத வாளி, சைஃபன் குழாய் என்று மாறிவிட்டேன்.

மற்ற சாமான்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளாஸ்டிக் வாளியில் கீறல் விழுந்ததும் மாற்றிவிட வேண்டும், என்னுடையது இரண்டு வருடம் வந்தது. ஸ்டீல் பாத்திரம் முதல் நாள் போலவே இருக்கிறது. செப்புக் குழாய்ச் சுருளால் கொதிக்கும் வொர்ட்டை (இன்னும் நொதிக்காத மால்ட் சாற்றை) அரை மணிக்குள் ஆற வைக்க முடிகிறது. திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் கண்ணாடி, இரண்டு உடைந்துவிட்டது, மூன்றாவது ஓடுகிறது. ஒன்று உபரியாக வாங்கி வையுங்கள். காரணம், அது இல்லாமல் பாட்டிலில் அடைக்கக் கூடாது. ஈஸ்ட் போடும் முன் 1.048, முடிவில் 1.011 என்று காட்டினால் வித்தியாசத்தை 131.25-ஆல் பெருக்க வேண்டும், ஏறக்குறைய 4.9 சதவீத ஆல்கஹால். அதைவிட முக்கியம், மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை ஒரே எண் வர வேண்டும். சர்க்கரை மீதமிருக்கும்போது அடைத்தால் பாட்டில் வெடிக்கும், கண்ணாடித் துண்டு பறக்கும். இதில் விளையாட்டே கூடாது. லிட்டருக்கு 6 முதல் 7 கிராம் சர்க்கரையைத் தராசில் நிறுத்துப் போடுங்கள், கரண்டிக் கணக்கு வேண்டாம். அழுத்தம் தாங்கும் தடித்த பீர் பாட்டிலையே எடுங்கள். முதல் இரண்டு வாரம் மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள்.

கேட்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பயம் இருக்கிறது, விஷமாகிவிடாதா என்று. பீர் வடித்து எடுப்பதில்லை, தானியத்தை நொதிக்க வைப்பது மட்டும்தான். மெத்தனால் பயம் இதில் இல்லை. கெட்டுப்போனால் புளிக்கும், நாறும், வாயில் வைக்க முடியாது, அவ்வளவுதான். ஆனால் வீட்டில் காய்ச்ச உங்கள் ஊர்ச் சட்டம் விடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலேயே 1978-இல் சட்டம் திருத்திய பிறகுதான் கூட்டரசு அளவில் வழி பிறந்தது. வீட்டில் காய்ச்சிப் பழகியவர்கள் பலர் அதற்குப் பிறகு அங்கே சிறு ஆலைகள் தொடங்கினார்கள்.

காய்ச்சத் தொடங்கியபின் வாங்கிக் குடிக்கும் முறையும் மாறிவிட்டது. முன்பெல்லாம் பல் கூசும் அளவுக்குக் குளிர வைத்துப் பாட்டிலோடு குடிப்பேன். இப்போது கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஏல் என்றால் ஒரு பத்து டிகிரிக்கு வரும்வரை விட்டு வைப்பேன். ஜெர்மன் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும், அதில் பழமும் இல்லை, கிராம்பும் இல்லை, அத்தனையும் ஈஸ்ட்டின் வேலை. அதை முதன்முதலில் என் வாளியிலேயே முகர்ந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) வாங்கும்போது அடைத்த தேதியைப் பார்ப்பேன். ஹாப்ஸ் மணம் சில மாதத்தில் மங்கிவிடும், பழையது அட்டைப்பெட்டி வாசம் அடிக்கும். வெளிச்சத்தில் நின்ற பச்சை பாட்டிலையும் வெள்ளை பாட்டிலையும் தொடமாட்டேன். ஹாப்ஸில் உள்ள கசப்புப் பொருள் ஒளி பட்டதும் கந்தக நெடியாக மாறிவிடும், பழுப்பு பாட்டில்தான் ஓரளவு காக்கும்.

குறையும் சொல்ல வேண்டும். ஒரு ஈடு என்றால் அரை லிட்டர் கணக்கில் 38 பாட்டில் வீட்டில் உட்காரும். கையெட்டும் இடத்தில் இருப்பதால் தினமும் ஒன்று என்று போய்விடும் அபாயம் உண்மையானது, இரண்டாவது வருடம் நான் அந்தப் பக்கம் சரிந்தேன். அப்போதிருந்து ஈட்டை 10 லிட்டராக்கிவிடலாமா என்று யோசித்து, கடைசியில் பாதியை நண்பர்களுக்குக் கொடுப்பது, வார இறுதியில் மட்டும் திறப்பது என்று வைத்துக்கொண்டேன். நான்கு வருடமாக அது நிற்கிறது. நேரமும் போகும். காய்ச்சும் நாளில் ஐந்தரை மணி நேரம், அதில் பாதி கழுவுவது.

இப்போது பிரிட்ஜுக்குள் 48-ஆவது இருக்கிறது, கோதுமை பீர், இன்று நான்காவது நாள். காலையில் கதவைத் திறந்தபோது வாளியின் உட்பக்கம் நுரை ஒரு சாண் உயரம் ஏறி, பழுப்புத் தழும்பு விட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. கருவி 19 டிகிரி காட்டுகிறது. கிராம்பு மணம் வந்துவிட்டது, வாழைப்பழம் இன்னும் வரவில்லை. நாளை ஒரு டிகிரி ஏற்றிவிட்டு, வியாழக்கிழமை முதல் அளவு எடுக்க வேண்டும்.