டிரிப் மெஷினா, பம்ப் மெஷினா? மதுரைத் தண்ணீரை வைத்து ஓர் ஒப்பீடு

காபி மெஷின் வாங்கப் போகிறவர்கள் கடையில் எத்தனை கப், எத்தனை வாட், என்ன விலை என்று விசாரிப்பார்கள். மதுரைக்காரர்கள் அதற்கு முன்பே வீட்டில் பார்த்துவிட வேண்டிய ஒன்று உண்டு: மெஷினில் ஊற்றப்போவது மாநகராட்சிக் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரா, போர் தண்ணீரா, கேன் தண்ணீரா? எந்த மெஷின் உங்கள் சமையலறையில் நிலைக்கும் என்பதை இந்தப் பதில்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. எங்கள் வீட்டில் வாங்கியது, வெந்நீரைத் தூளின்மேல் கொட்டி வடியவிடும் டிரிப் மெஷின். அந்தப் பக்கம் என் சாய்வு இருக்கிறது, காரணங்களைப் படித்துவிட்டு நீங்கள் மாறுபடலாம்.

இரண்டு வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். கேப்சூல் மெஷினில் ஒவ்வொரு கப்புக்கும் ஒரு கேப்சூல் தீரும். காலையும் மாலையும் நாலு பேர் குடிக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு எட்டு. சிக்கரி கலந்த டிக்காஷன் ருசியும் அதில் வராது. அடுத்தது, பம்ப் இல்லாமல் ஆவியின் அழுத்தத்தாலேயே இயங்கும் சின்ன ஸ்டீம் மெஷின். மூடிய பாய்லருக்குள் அழுத்தம் ஏற வேண்டுமானால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியாக வேண்டும். அந்தச் சூட்டில் தூள் கருகிக் கசப்பு இறங்கும். ஒரு ஈடு முடிந்தபின் பாய்லர் ஆறி அழுத்தம் இறங்கும்வரை மூடியைத் திறக்கவும் கூடாது. விருந்தாளிகள் வந்த நேரத்தில் இது பெரிய தொல்லை.

மிஞ்சுவது டிரிப்பும் பம்ப்பும்தான்.

டிரிப் மெஷினுக்குள் இருப்பவை கொஞ்சம்தான். தொட்டியிலிருந்து தண்ணீர் தானாக இறங்கி, ஒரு ஒன்வே வால்வைத் தாண்டி, அடித்தட்டுக்குக் கீழே வளைந்து போகும் அலுமினியக் குழாய்க்குள் போகும். குழாயை ஒட்டியே ஹீட்டர். உள்ளே தண்ணீர் கொதித்ததும் ஆவிக்குமிழிகள் கிளம்பும். வால்வு பின்னால் விடாததால் அவை வெந்நீரை மேலே தள்ளிக்கொண்டுபோய்த் தூளின்மேல் கொட்டும். ஜாடி உட்காரும் தட்டைச் சூடாக வைப்பதும் அதே ஹீட்டர்தான். தண்ணீர் தீர்ந்ததும் குழாயின் சூடு ஏறும், தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டிக்கும். அது தவறினால் தெர்மல் ஃபியூஸ் அறுந்து காப்பாற்றும்.

பம்ப் மெஷினில் தண்ணீரைத் தள்ளுவது வைப்ரேஷன் பம்ப். காயிலுக்குள் ஸ்பிரிங்கோடு இருக்கும் ஒரு சின்ன பிஸ்டன், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 50 தடவை போய்வந்து தண்ணீரைத் தெர்மோபிளாக் எனப்படும், உள்ளே மெல்லிய தடம் ஓடும் சூடேற்றும் உலோகக் கட்டிக்குள்ளோ சிறிய பாய்லருக்குள்ளோ திணிக்கும். அங்கே 90 முதல் 96 டிகிரிவரை சூடாகி, இறுக்கி வைத்த தூளின் வழியே வெளியே வரும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘15 பார்’ அந்தப் பம்ப் தரக்கூடிய உச்ச அழுத்தம். எஸ்பிரெசோவுக்கு, அதாவது அழுத்தத்தில் இறக்கும் கெட்டிக் காபிக்கு, தேவை ஏறக்குறைய 9 பார். ஆகவே 20 பார் என்று போட்டிருப்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

ருசியில் பம்ப் மெஷின் மேலே நிற்பது ஒரே இடத்தில்: பால் கலக்காத காபியில். 14 முதல் 18 கிராம் தூளிலிருந்து 25, 30 நொடியில் 30, 40 கிராம் சாறு, மேலே நுரைப்படலத்தோடு. டிரிப்பால் இதைத் தர முடியாது. ஆனால் நாம் குடிப்பது பாலில் கலந்த டிக்காஷன். பாலை ஏற்கெனவே அடுப்பில் காய்ச்சித்தான் வைத்திருப்போம், பால்காரரிடம் வாங்கும் பாலென்றால் காய்ச்சியே ஆக வேண்டும். பம்ப் மெஷினில் ஆவி வரும் குழலான ஸ்டீம் வாண்டில் பாலை நுரைக்க வைப்பவர்கள் 60, 65 டிகிரியில் நிறுத்திவிடுவார்கள், அதற்கு மேலே போனால் நுரை கெடும். நம் டம்ளர் காபிக்கு அந்தச் சூடு போதாது. நுரை வேண்டுமென்றால் டபராவில் ஆற்றினாலே வந்துவிடுகிறது.

டிரிப் டிக்காஷன் தண்ணியாக இருக்கிறது என்ற புகார் நியாயமானது, ஆனால் சரிசெய்யக்கூடியது. தூள் தன் எடையைப்போல இரண்டு மடங்கு தண்ணீரைத் தானே பிடித்துக்கொள்ளும். 30 கிராம் தூளுக்கு 220 மில்லி ஊற்றினால் 160 மில்லி இறங்கும், அது நாலு டம்ளருக்குத் தலைக்கு 40 மில்லி. மெஷினோடு வரும் அளவுக்கோடு மேலை நாட்டுக் கறுப்புக் காபிக்குப் போட்டது, அதை நம்பி ஊற்றினால் டிக்காஷன் தண்ணியாகத்தான் வரும். தூள் முழுக்க நனைந்ததும் சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் ஊறவிட்டு மறுபடி போடுங்கள், திடம் நன்றாகவே கூடும். தூள் ரொம்ப நைசாக இருந்தால் மேலிருந்து கொட்டும் வேகத்துக்கு வடியாமல் கூடை வழியும். வறுத்து அரைத்துத் தரும் கடையில் ஃபில்டருக்கு என்று கேட்டு வாங்குவதே சரியான பதம். இறங்கிய டிக்காஷனைச் சூட்டுத்தட்டிலேயே அரைமணிக்கு மேல் விடாதீர்கள். பால் சேர்க்காமல் ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்தால் அடுத்த ஆள் எழும்வரை கெடாது.

சிக்கரி விஷயத்தில் இரண்டு மெஷின்களும் நேரெதிர். டிரிப்பில் சிக்கரி நல்லதே செய்கிறது: தண்ணீரைப் பிடித்து நிறுத்தி வடிதலைத் தாமதப்படுத்துகிறது. காபி 80க்குச் சிக்கரி 20 என்ற கலவை இதற்குப் பொருத்தம். பம்ப் மெஷினில் அதே கலவை தொல்லை. சிக்கரி ஊறிப் பிசுபிசுத்துச் சல்லடையை அடைக்கும். வீட்டு மெஷின்களோடு வரும் இரட்டைச் சுவர் கூடையில் காபி வெளியேற அடியில் ஊசிமுனை அளவில் ஒரே ஒரு துளைதான், அது அடைத்துவிட்டால், கூடையைத் தாங்கும் கைப்பிடியான போர்ட்டாஃபில்டரின் ஓரத்தால் பீறிடும். அதனால் பம்ப் மெஷினுக்குச் சிக்கரி இல்லாத தூளை, இன்னும் நைசாக, தனியே அரைத்து வாங்க வேண்டும். கலவைப் பாக்கெட்டில் விகிதம் அச்சிட்டிருக்கும். சட்டப்படி காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, மிச்சம் முழுவதும் சிக்கரியாக இருக்கலாம். பார்த்து வாங்குங்கள். கொட்டையாகவே வாங்கி அரைக்க நினைப்பவர்கள் கிரைண்டருக்கும் பட்ஜெட் ஒதுக்குங்கள். தாண்டிக்குடி, சிறுமலைப் பக்கம் விளைகிற அராபிகா நமக்கு மிக அருகிலேயே கிடைப்பதால் அந்த ஆசை நியாயமானதுதான்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறும்போது கரியமில வாயுவை விட்டுவிட்டுக் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்பாகப் படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகக் காண்பது அதுதான். குடிநீரில் கடினத்தன்மை, அதாவது இப்படிச் சுண்ணாம்பாகப் படியக்கூடிய உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை இருப்பது நல்லது என்றும், வேறு வழியில்லாதபோது 600வரை போகலாம் என்றும் இந்தியத் தர அமைப்பு சொல்கிறது. அது குடிப்பவர் உடம்புக்கான கணக்கு. காபிக்கு உகந்ததாகத் துறை வல்லுநர்கள் சொல்லும் வரம்பு 50 முதல் 175வரைதான். உங்கள் தண்ணீர் 400 என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒரு லிட்டர் ஓட்டினால் மாதத்துக்கு 12 கிராம் உள்ளே போய்வருகிறது. அதில் கால்பங்கு படிந்தாலும் மாதம் 3 கிராம் சுண்ணாம்பு, விரல் தடிமன்கூட இல்லாத ஒரு குழாய்க்குள்.

நேர்மையாகச் சொல்ல வேண்டும்: சுண்ணாம்பு வேகமாகப் படிவது டிரிப் மெஷினில்தான். தண்ணீர் அங்கே கொதிக்கிறது. பம்ப் மெஷினில் காபிக்கான தண்ணீர் கொதிநிலைக்குக் கீழேயே நிற்கிறது. படிவின் வேகத்தை மட்டும் பார்த்தால் பம்ப்புக்குத்தான் ஓட்டு. நான் பார்ப்பது படிந்ததை வெளியே எடுக்க முடியுமா என்பதை. டிரிப்பில் இருப்பது ஒரே குழாய், நேர் பாதை. அடைப்பு தொடங்கியதுமே மெஷின் காட்டிக்கொடுக்கும்: எட்டு நிமிடத்தில் முடிந்த ஈடு பன்னிரண்டு நிமிடம் எடுக்கும், களகளச் சத்தம் கூடும், தண்ணீரைவிட ஆவி அதிகமாக வரும், தொட்டியில் கொஞ்சம் தங்கிவிடும். பம்ப் மெஷினில் பாதை நீளம், வழிநெடுக இடுக்குகள்: தெர்மோபிளாக்கின் மெல்லிய தடம், மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வின் துளை, தண்ணீரைத் தூளின்மேல் பரப்பும் சல்லடையான ஷவர் ஸ்கிரீன், ஸ்டீம் வாண்டின் முனை. ஸ்டீம் போடும்போது அதே உறுப்பு 120 டிகிரியைத் தாண்டுவதால் அப்போது அங்கேயும் படியும். ஆசிட் விட்டுக் கழுவும்போது பெயரும் ஒரு செதில் சோலனாய்டில் போய் உட்கார்ந்தால், கழுவுவதற்கு முன்பு ஓடிய மெஷின் கழுவிய பின்பு நின்றுபோகும். இதுதான் என் முடிவைத் தீர்மானித்தது.

டிரிப்பைக் கழுவும் முறை இது. ஒரு லிட்டர் தண்ணீரில் 20 முதல் 25 கிராம் சிட்ரிக் ஆசிட் கரையுங்கள், மளிகைக் கடையிலேயே கிடைக்கும். தூள் போடாமல் மெஷினை ஓட்டி, மூன்றில் ஒரு பங்கு மேலேறியதும் அணைத்துவிடுங்கள். இருபது நிமிடம் விட்டு மிச்சத்தை ஓட்டுங்கள். பிறகு வெறும் தண்ணீர் மூன்று ஈடு. ஆசிட்டின் அளவைக் கூட்டாதீர்கள், இரவு முழுக்க ஊறப்போடவும் வேண்டாம். குழாய் அலுமினியம், அதையே அரித்துவிடும். கரைசலைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவிடுவதும் பயன் தராது, சூட்டில் கால்சியம் சிட்ரேட் கரையாமல் தானே ஒரு படிவாகத் தங்கும். வெள்ளை வினிகரை இரண்டு பங்கு தண்ணீரில் கலந்தும் செய்யலாம். வாடை போக நேரமெடுக்கும். போர் தண்ணீர் ஊற்றும் வீட்டில் மாதம் ஒருமுறை, ஆற்றுத் தண்ணீரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். நாட்களை எண்ணுவதைவிட ஈடு முடியும் நேரத்தைக் கவனிப்பதே நம்பகமான வழி.

டிடிஎஸ் மீட்டரை வைத்துச் சுண்ணாம்பை அளக்க முடியாது. அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் வைத்த வீட்டில் கால்சியம் போய் அந்த இடத்துக்குச் சோடியம் வந்திருக்கும். மீட்டர் பழைய எண்ணையே காட்டினாலும் படிவு வராது. ஆர்ஓ தண்ணீரில் படிவுக் கவலை குறைவு. ஆனால் டிடிஎஸ் 30க்கும் கீழே போனால் டிக்காஷன் சப்பென்று இருக்கும், தண்ணீர் மட்டத்தை மின்கம்பியால் உணரும் சில மெஷின்கள் தொட்டி காலி என்று நின்றும்விடும். ஆர்ஓவோடு கால்பங்கு ஆற்றுத் தண்ணீர் கலந்தால் இரண்டும் சரியாகும். பம்ப் மெஷின் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கலவையை விட்டால் வேறு வழி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மின்சாரத்தையும் பாருங்கள். ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 வந்தால் 1000 வாட் ஹீட்டர் 680 வாட்டாகிவிடும். டிரிப் மெஷினுக்கு அதனால் நேரம் மட்டும் கூடும், கொதித்தால்தானே தண்ணீர் மேலேறும். தெர்மோபிளாக்கோ பம்ப் தள்ளும் வேகத்துக்குச் சூடாக்க முடியாமல் பின்தங்க, காபி புளிப்பாக இறங்கும்.

ரிப்பேரில் டிரிப்புக்குத் தெளிவான முன்னிலை. தெர்மோஸ்டாட், தெர்மல் ஃபியூஸ், சிலிகான் குழாய், இவற்றை மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி பார்க்கும் மெக்கானிக்கே மாற்றிவிடுவார். ஒன்று மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள்: ஃபியூஸ் போனால் அதே டிகிரி ஃபியூஸ்தான் போட வேண்டும், கம்பி வைத்து நேராக இணைக்கக் கூடாது. பம்ப் மெஷினின் பம்ப்பும் சோலனாய்டும் பொதுவான அளவுகளில் வருகின்றன, ஆன்லைனில் வரவழைக்கலாம். அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த கை பக்கத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. ஐந்தாறு வருடம் தாண்டிய பம்ப் மெஷின்களோடு எனக்குப் பழக்கம் குறைவு, நீண்டகாலச் செலவில் என் கணிப்பைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

பித்தளை ஃபில்டரே போதாதா என்றால், திடத்தில் அதை இந்த இரண்டுமே மிஞ்சாது. அரைமணி காத்திருக்க முடிகிற வீட்டுக்கு மெஷின் தேவையில்லை. பத்து நிமிடத்தில் சூடான டிக்காஷன் நாலைந்து பேருக்கு வேண்டும் என்கிற வீட்டுக்குத்தான் டிரிப் மெஷின்.

வீட்டில் ஒருவர் இருவர், பாலில்லாமல் குடிக்கிறவர்கள், ஆர்ஓ தண்ணீர் உண்டு என்றால் பம்ப் மெஷினைத் தாராளமாக வாங்குங்கள். அப்படி வாங்கும்போது மூன்று வழி சோலனாய்டு உள்ளதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் காபி இறங்கி முடிந்தபின்னும் கூடைக்குள் அழுத்தம் தங்கும். உடனே போர்ட்டாஃபில்டரைக் கழற்றினால் சுடுதூள் முகத்தில் தெறிக்கும், ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். போர்ட்டாஃபில்டர் மாட்டும் இடத்தில் கசியாமல் அடைக்கும் வளையமான குரூப் கேஸ்கெட் தனியாகக் கிடைக்கிறதா என்றும் கேட்டு, ஒன்றைச் சேர்த்தே வாங்கி வையுங்கள். சூட்டில் இறுகி முதலில் ஒழுகத் தொடங்குவது அதுதான். தொட்டி வற்றி ஓடினால் பம்ப்புக்குள் காற்று புகுந்து சத்தம் மாறும். உடனே நிறுத்தி, தொட்டியை நிரப்பி, ஸ்டீம் வாண்டைத் திறந்து வைத்துப் பத்துப் பத்து நொடியாக ஓட்டினால் தண்ணீர் திரும்பப் பிடிக்கும்.