ஆமைக்குத் துணை விற்க மறுத்த கொளத்தூர் கடை

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றை ஏன் பிடித்துவைத்தேன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு ஆமைக்கு ஆறு வயது. கண்ணுக்குப் பின்னால் குங்குமம் தீற்றியது போலச் சிவப்புப் பட்டை இருக்குமே, கடைகளில் ரெட் இயர்டு ஸ்லைடர் என்பார்களே, அந்த வகை. பெயர் துரை. பையன் யூகேஜி படிக்கும்போது வந்தது. அப்போது பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று சொல்லி மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இன்று காலையில் அதற்குக் கீரை கிள்ளிப் போடுவது அவர்தான்.

ரெண்டு மாதமாகத் துரைக்கு ஒரே வேலை. விடிந்ததிலிருந்து விளக்கணைக்கும் வரை தொட்டிக் கண்ணாடியைப் பிறாண்டுவது. நாலு காலும் அடித்துக்கொள்ளும், ஓடு கண்ணாடியில் டொக் டொக் என்று இடிக்கும். "பாவம், ஒண்டியா எத்தனை நாள்தான் இருக்கும்? அதுக்கும் ஒரு ஜோடி வேண்டாமா?" என்றார் மாமியார். பையனுக்கு அது போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர்.

அலங்கார மீன் என்றால் சென்னையில் கொளத்தூர்தான். தெருத்தெருவாகக் கடை. நாங்கள் முதலில் நுழைந்த கடையில் விற்பனைப் பையன் வாயைத் திறக்கவே விடவில்லை. "ஒண்டியா வெச்சா ஏங்கியே செத்துடும் மேடம், எப்பவும் ஜோடியாத்தான் எடுக்கணும்" என்று குஞ்சு இரண்டைக் கவரில் போடப் போய்விட்டான். அதோடு நிற்கவில்லை. குரலைத் தாழ்த்தி, நட்சத்திர ஆமை வேண்டுமா, வாஸ்துக்கு நல்லது என்றான். அதை வீட்டில் வைப்பதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். என் பையன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நான் சொல்ல வந்த கடை அதற்கப்புறம், ஒரு சந்துக்குள். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் இரும்பு ஸ்டாண்டுகள் அடுக்கியிருக்கும், உள்ளே போனால் வினிகர் வாடை அடிக்கும். தொட்டி ஒட்டுகிற சிலிக்கான் பசை காயும் வாடையாம். அறுபது வயதுக்காரர் ஒருவர் கண்ணாடி விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆமைக்கு ஜோடி வேண்டும் என்றேன். தலையை நிமிர்த்தாமலே, "தொட்டி என்ன சைஸும்மா?" என்றார்.

ரெண்டுக்கு ஒன்று அடி. ஓடு எவ்வளவு நீளம்? ஏழு அங்குலம் இருக்கும். அப்போதுதான் தேய்ப்பதை நிறுத்தினார். ஃபோனில் இருந்த படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். முன்னங்கால் நகம் குட்டை, வால் மெல்லிசு. "துரையா? இது துரைசாணிம்மா." ஆணுக்கு முன்னங்கால் நகம் நீளமாக வளருமாம், வால் தடித்திருக்குமாம், உடம்பு பெண்ணைவிடச் சின்னதாக இருக்குமாம். ஆறு வருஷம் அவன் இவன் என்று பேசியிருக்கிறோம். மாமியாரிடம் இதைச் சொன்னபோது சிரித்தாரே, அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் கடைக்குப் பின்பக்கம் கூட்டிப்போனார். ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் இரண்டு ஆமைகள். வளர்க்க முடியாமல் யாரோ விட்டுப்போனவை. நடுவில் ஒரு செங்கல், அதன்மேல் விளக்கு. சின்னது கல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது, பெரியது அதன் முதுகில் ஏறிக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. "அம்மா, கட்டிப் பிடிச்சிருக்கு!" என்றான் பையன். கடைக்காரர் சின்னதைத் தூக்கித் திருப்பிக் காட்டினார். வால் நுனி இல்லை. பின்னங்காலில் பல் பதிந்தது போல் ஒரு சின்னப் பள்ளம், ஆறிய தழும்பு. ஆமைக்குப் பல் கிடையாது, அலகாலேயே அப்படிக் கடிக்குமாம். "வெளிச்சத்துக்கு அடிச்சிக்குதுங்க தம்பி. இதைத்தான் எல்லாரும் பாசம்னு நினைக்கிறாங்க."

ஆற்றில் ஒரே மரக்கட்டையில் பத்து ஆமை உட்கார்ந்திருப்பதுகூட வெயில் படும் இடம் அது ஒன்றுதான் என்பதால்தான், நட்பால் இல்லை என்றார். தாய் குழி தோண்டி முட்டையிட்டு மண்ணை மூடிவிட்டுப் போனால் திரும்பிப் பார்ப்பதில்லை. குஞ்சு பொரித்த நாளிலிருந்தே தனி. துணை என்ற ஒன்றே தெரியாததற்குத் தனிமை எங்கிருந்து வரும்? ஆணைக் கொண்டுபோய் விட்டால் நாள் முழுக்கத் துரத்தும். சின்னத் தொட்டியில் பெண்ணுக்கு ஒதுங்க இடமிருக்காது. ரெண்டும் பெண் என்றால், பெரிய குளமாக இருந்தால் ஒத்துப்போகலாம். அதற்கும் புதியதை ரெண்டு மூன்று மாதம் தனித் தொட்டியில் வைத்து நோய் இல்லை என்று பார்க்க வேண்டும். "அவ்வளவு இடம் இருக்காம்மா?" என்றார். அயனாவரத்தில் ஒரு படுக்கையறை வீடு. நான் பதில் சொல்லவில்லை.

பிறாண்டலுக்குக் காரணம் தொட்டிதான். ஓட்டின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் சுமார் 38 லிட்டர் கொள்ளளவு வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஏழு அங்குலத்துக்கு 266 லிட்டர். எங்களுடையது 56. கேட்கவே வெட்கமாக இருந்தது. ஜன்னலோரம் வைத்திருக்கிறோமே, வெயில் படுமே என்று சமாளித்தேன். ஓட்டுக்கு வேண்டிய யுவிபி என்ற புற ஊதாக் கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடுமாம். தனி விளக்கு வேண்டும், ஏறி உடம்பைக் காயவைக்க மேடை வேண்டும்.

ஆக, ஆமை வாங்கப் போன நாங்கள் தொட்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தோம். நாலடி நீளம், ஒன்றரை அகலம், ஒன்றரை உயரம், 10 மில்லிமீட்டர் கண்ணாடி. 255 லிட்டர். தொட்டி 6,800, ஸ்டாண்டு 2,900. தண்ணீரைச் சுத்தம் செய்யும் கேனிஸ்டர் ஃபில்டர் அவரிடம் இல்லை. எதிர்க்கடையைக் காட்டினார், கமிஷன் வாங்கியதாகத் தெரியவில்லை. பில் கேட்டால் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார்.

இனி அந்த ஒரு நட்சத்திரம். வெள்ளிக்கிழமை வரும் என்ற தொட்டி அடுத்த புதன்கிழமைதான் வந்தது. ஸ்டாண்டில் ஒரு கால் உயரம் குறைச்சல், அட்டை மடித்து வைத்திருக்கிறேன். மேல் விளிம்பில் தடுப்பு வைக்க மறந்துவிட்டார். நாலாம் நாள் காலை ஐந்தரைக்குத் தொப்பென்று சத்தம். போய்ப் பார்த்தால் துரைசாணி மேடையிலிருந்து எட்டிக் குதித்து, பூஜை அறை வாசல்வரை ஈரக்கோடு போட்டுக்கொண்டு போயிருந்தாள். ஓட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லகாலம். ஃபோன் போட்டதும் அன்று மாலையே ஆள் வந்து சுற்றிலும் நாலு அங்குலக் கண்ணாடிப் பட்டை ஒட்டிக்கொடுத்தான், காசு வாங்கவில்லை.

பிறாண்டல்? முதல் வாரம் கொஞ்சம் இருந்தது. இப்போது பசித்தால் மட்டும். மற்ற நேரம் மேடையில் பின்னங்கால்களை நீட்டிப் போட்டு, விரல்களை விரித்து, விளக்கைப் பார்த்துக் கிடக்கிறாள். பையன் மனம் கேட்காமல் பேச்சுத்துணைக்கு ஒரு டஜன் கப்பி மீன் வாங்கி விட்டான். மூன்று நாளில் பதினொன்று காலி.

போகிறவர்கள் ஞாயிறு காலையில் போகாதீர்கள், சந்தில் வண்டி நுழையாது. வாரநாளில் பதினொரு மணிக்கு மேல் போனால் ஆள் இருப்பார். வீட்டில் தொட்டி வைக்கும் இடத்தை டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள், அதைத்தான் முதலில் கேட்பார். ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள், பேச்சு நிற்காது. அந்த டப்பில் இருந்த வாலறுந்த சின்னது இப்போது தனித் தொட்டியில் இருக்கிறது. கேட்டுப் பார்த்தேன், தரமாட்டாராம்.