ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு ஒரு சண்டை: டெக்ஸ்ட் கேம் போட்டிகளோடு 12 வருடம்

தொண்டியில் நான் நெட் சென்டர் வைத்திருந்தபோது கடையில் மூன்று பழைய கம்ப்யூட்டர்கள் இருந்தன. உப்புக்காற்றுக்கு வருடம் ஒரு மதர்போர்டு பலி. படம் ஓடுகிற விளையாட்டு எதையும் அவை தாங்காது. அப்படித்தான் 2012-இல் வெறும் எழுத்தாலேயே ஆடும் விளையாட்டுக்கு வந்தேன். 'மட்' என்பார்கள். "வடக்கே ஒரு கதவு, மூலையில் ஓர் ஓநாய்" என்று திரையில் வரி வரும். நாம் கட்டளையைத் தட்டினால் கதவு திறக்கும், ஓநாய் கடிக்கும். அதே நேரத்தில் எங்கெங்கோ இருக்கும் ஐம்பது அறுபது பேர் அதே அறைகளுக்குள் உலவிக்கொண்டிருப்பார்கள்.

கடை இப்போது ஜெராக்ஸ் கடை ஆகிவிட்டது. விளையாட்டை மட்டும் விடவில்லை. இந்த வகையின் முதல் விளையாட்டை 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கினார், ரிச்சர்ட் பார்ட்டில் தொடர்ந்தார். நான் ஆடுவது 1991-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் வெளியிட்ட 'டிகு' என்ற நிரலின் பேரப்பிள்ளை மாதிரி. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. கீழே பாதிக்கு மேல் குறைதான். அதை நடத்துகிற அட்மின்களோ சம்பளமே இல்லாமல் உழைப்பவர்கள்.

கதை, உலகம், நட்பு எல்லாவற்றுக்கும் நான் தாராளமாக மார்க் போடுவேன். இங்கே பேச வந்தது வாராவாரம் நடக்கும் போட்டிகளைப் பற்றி மட்டும். கொடி பிடிப்பது, புதையல் தேடுவது, வினாடி வினா, எல்லாரையும் ஓர் அரங்கில் அடைத்து கடைசி ஆள் நிற்கும் வரை சண்டை. இவற்றில் யார் ஜெயிப்பார் என்பது பல நேரம் போட்டி தொடங்கும் முன்பே முடிவாகியிருக்கும். ஏமாற்று வேலை என்று சொல்லவில்லை. போட்டியை அமைத்த விதத்திலேயே அது ஒளிந்திருக்கும்.

முதலில் கடிகாரம். போட்டி அமெரிக்கக் கிழக்குக் கரையில் சனிக்கிழமை இரவு 8 மணிக்கு என்றால் நமக்கு ஞாயிறு காலை 5.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், நமக்கு 6.30 ஆகும். மார்ச்சில் திரும்ப முன்னால் நகர்த்துவார்கள். 2014 மார்ச்சில் ஒரு ஞாயிறு, வழக்கம்போல் 6.20-க்கு டீயும் கையுமாக உட்கார்ந்தேன். போட்டி முடிந்து, பரிசும் கொடுத்து, ஆளாளுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவனுக்கு அதிகாலை ஒன்றும் புதிதில்லை. ஆனால் என்னோடு ஆடும் கீழக்கரை காக்கா (பறவை இல்லை, அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) துபாயில் வேலை பார்க்கிறார். அவருக்கு அது காலை 4 மணி. "தம்பி, எனக்கு இது போட்டி இல்ல, சஹர் நேரம்" என்பார், நோன்புக்கு முன் சாப்பிடும் அதிகாலை நேரத்தைச் சொல்கிறார். ரமலான் மாதத்தில் மட்டும் அவர் தவறாமல் வருவார்.

அடுத்தது தூரம். என் கட்டளை சர்வருக்குப் போய்வர 280 மில்லிவிநாடி ஆகும். மழை பிடித்தால் இன்னும் ஏறும். இதற்கு இணைய கம்பெனியை மட்டும் திட்டிப் பயனில்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். இங்கிருந்து சர்வர் இருக்கும் அமெரிக்கக் கிழக்குக் கரை ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். நூல் பிடித்தாற்போல் போய்த் திரும்பினாலே 140 மில்லிவிநாடி போய்விடும், கேபிள்கள் அப்படிப் போவதும் இல்லை. டிகு வழி வந்த விளையாட்டுகள் பொதுவாக விநாடிக்கு நான்கு முறைதான் நம் கட்டளைகளை எடுத்துப் பார்க்கும். அதாவது 250 மில்லிவிநாடிக்கு ஒரு துடிப்பு. நான் எப்போதும் ஒரு துடிப்பு பின்னால்.

சண்டையில் இது அவ்வளவு உறைக்காது. அடிதடிச் சுற்று இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறைதான் வரும், அதற்குள் யோசித்துத் தட்டிவிடலாம். இந்த மெதுவான தாளம்தான் டெக்ஸ்ட் கேமின் பெரிய நியாயம் என்று நான் நினைக்கிறேன். வலிப்பது "முதலில் பதில் சொன்னவருக்குப் புள்ளி" வகைப் போட்டிகளில். அங்கே விடை தெரிந்தும் தோற்பேன்.

இனி என் வண்டவாளம். 2016 வாக்கில் கொடி பிடிக்கும் போட்டியில் ஒன்றைக் கவனித்தேன். இரண்டு பேர் ஒரே துடிப்பில் 'எடு' என்று தட்டினால் கொடி எப்போதும் ஒரே ஆளுக்கே போனது. குலுக்கல் என்றால் மாறி மாறி அல்லவா போக வேண்டும்? டிகு நிரல் யாரும் எடுத்துப் படிக்கக் கிடைப்பது. எனக்கு அரைகுறையாக சி மொழி தெரியும். இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தபோது புரிந்தது. புதிதாக லாகின் செய்கிறவரை அது பட்டியலின் தலையில் சேர்க்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் தலையிலிருந்துதான் கட்டளைகளை நிறைவேற்றுகிறது. ஆக, கடைசியாக வந்தவருக்கு முதல் பந்தி. ரேஷன் கடையில் காலை ஆறு மணிக்கே பை வைத்தவரை விட்டுவிட்டு, இப்போதுதான் சைக்கிளை நிறுத்தியவரைக் கூப்பிடுவது மாதிரி.

நியாயமாக அட்மினிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 5.28-க்கு வெளியேறி 5.29-க்குத் திரும்ப லாகின் செய்வேன். என் 280 மில்லிவிநாடிக்கு இது ஈடு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு வருடத்தில் நான்கு கொடிப் போட்டி ஜெயித்தேன். அப்புறம் வேறொருவரும் கண்டுபிடித்து வெளியில் சொல்லிவிட்டார். அட்மின் ஒவ்வொரு துடிப்புக்கும் வரிசையைக் கலைத்துப் போடும்படி மாற்றினார். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, என் சொத்தைப் பிடுங்கியதுபோல் ஒரு வாரம் உள்ளேயே போகவில்லை.

எங்கள் பக்கம் கோயில் திருவிழாவுக்குப் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். வரிசையில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை வைத்துக் காற்று நமக்குச் சாதகமா இல்லையா என்பது மாறும். "எடத்துலயே பாதி பந்தயம் முடிஞ்சிருண்டா" என்பார் சித்தப்பா. நான் பார்த்த போட்டிகளில் சீட்டுப் போட்டுத்தான் இடம் கொடுத்தார்கள். சீட்டுப் போட்டதால் காற்று எல்லாருக்கும் ஒன்றாகிவிடாது. ஆனால் இடத்துக்காகக் கரையில் கைகலப்பு வராது. அட்மின் செய்த மாற்றமும் அதுதான். இது புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது.

ஸ்கிரிப்ட், அதாவது நமக்குப் பதில் தானாகக் கட்டளை தட்டும் குட்டி நிரல், இதைவிடப் பெரிய தலைவலி. மட்லெட் போன்ற, மட் ஆடுவதற்கென்றே உள்ள கிளையன்ட் செயலிகளில் லுவா என்ற நிரல்மொழியில் ட்ரிகர் எழுதலாம். குறிப்பிட்ட வரி திரையில் வந்தவுடன் கட்டளை தானாகப் போய்விடும். விஷம் ஏறியது என்று வரி வந்தால் மருந்தை அதுவே குடிக்கும். வினாடி வினாவில் பழைய கேள்வி பதில்களைச் சேமித்து வைத்திருந்த ஒருவர், நாம் கேள்வியின் முதல் சொல்லைப் படிப்பதற்குள் பதில் போட்டுவிடுவார். ஸ்கிரிப்ட் கூடாது என்று அட்மின் தடை போட்டார். கைவிரல் தட்டியதா ஸ்கிரிப்ட் தட்டியதா என்று சர்வருக்கு எப்படித் தெரியும்? சொன்ன பேச்சைக் கேட்டவர்கள்தான் தோற்றார்கள்.

பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். கடலில் அது எவ்வளவு தூரம் நடக்கிறது என்பது வேறு கதை. எண்ணம் சரியானது. அதையே அட்மினுக்கு எழுதினேன்: ஒரு வாரம் ஸ்கிரிப்டோடு வாருங்கள் என்று திறந்துவிடுங்கள். மறு வாரம் ஸ்கிரிப்டால் ஒன்றும் செய்ய முடியாத போட்டி வையுங்கள், அறை வர்ணனைகளை நிதானமாகப் படித்தால் மட்டுமே துப்பு கிடைக்கிற மாதிரி. பாதியை ஏற்றுக்கொண்டார்கள். திறந்த வாரத்தில் சண்டையை எந்திரங்கள் போட, நாங்கள் வேடிக்கை பார்த்தோம். எனக்கு அது பிடிக்கவில்லை. ட்ரிகர் எழுதுவதே விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு அது சொர்க்கம்.

லெவல் பிரிப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருவாடானைப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று தனித்தனி. தூரமும் மாட்டுக்குத் தக்கபடி. எங்கள் விளையாட்டில் பல வருடம் எல்லா மாட்டையும் ஒரே ரோட்டில் விட்டார்கள். இப்போது அரங்கச் சண்டைக்கு எல்லாருக்கும் ஒரே லெவல், ஒரே ஆயுதம் என்று இரவல் கேரக்டர் கொடுக்கிறார்கள். பழைய ஆட்களின் அனுபவத்தை அது சமப்படுத்தாது, சமப்படுத்தவும் கூடாது.

ஆனால் ஒரு சண்டையில் தோற்றால் வெளியே என்ற நாக் அவுட் முறையை இன்னும் விடவில்லை. ஒரு சண்டையில் நூற்றுக்கு 60 முறை ஜெயிக்கக்கூடிய ஆள், மூன்றில் இரண்டு என்று வைத்தால் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 65 முறை ஜெயிப்பார். ஐந்தில் மூன்று என்றால் 68. கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே ஏமாற்றம், இவ்வளவுதானா என்று. கூடுதலாக அரை மணி நேரம் உட்கார்ந்து கிடைப்பது அந்த ஐந்தோ எட்டோதான். ஆட்கள் குறைவென்றால் எல்லாரும் எல்லாரோடும் மோதும் லீக் முறைதான் நல்லது. முதல் அடியில் வெளியேறி மீதி நேரம் கொட்டாவி விடுவதாவது இருக்காது.

கடைசி ஆள் நிற்கும் சண்டையைப் பற்றி ஒரே வரி: அதில் ஜெயிக்கிறவர் மூலையில் ஒளிந்திருந்தவர், அல்லது கூட்டாளிகளோடு வந்தவர். பரிசாக வலுவான வாளைக் கொடுப்பதும் தப்பு, அடுத்த போட்டியையும் அவரே ஜெயிப்பார். பட்டம் கொடுங்கள், போதும்.

2019-இல் போட்டி வைக்கும் பொறுப்பு எங்களிடமே வந்தது. காக்காவும் நானும் சேர்ந்து நடத்தினோம். இத்தனை குறை சொன்னவன், பிரமாதமாகச் செய்ய வேண்டாமா? ஒரு மாதம் உட்கார்ந்து ஒரு தீவுக்கூட்டம் கட்டினேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள்தான் மனதில். கோடு, கூட்டல் குறி, நட்சத்திரக் குறி எல்லாம் வைத்து அழகான வரைபடம் போட்டேன். வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடிக்க வேண்டும். எல்லாரும் பாராட்டினார்கள்.

எங்களோடு வழக்கமாக ஆடும் ஒருவர் மட்டும் ஐந்தே நிமிடத்தில் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவர் பார்வையற்றவர் என்பது எனக்குத் தெரியும். ஏழு வருடமாகத் தெரியும். எழுத்து மட்டுமே இருப்பதால் திரைவாசிப்பான் வைத்து எங்களுக்குச் சமமாக, பல நேரம் எங்களைவிட நன்றாக ஆடுவார். என் வரைபடம் அவர் காதில் "கோடு கோடு கூட்டல் கோடு" என்று நான்கு நிமிடம் ஓடியிருக்கிறது. மறுநாள் கேட்டபோது, "படம் இல்லாத விளையாட்டுன்னுதானே இங்க வந்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த முறை வரைபடத்தைத் தூக்கிப் போட்டோம். கடிகாரத்தையும். போட்டிக்கு 48 மணி நேரம், எப்போது வேண்டுமானாலும் வரலாம். எல்லாமே விடுகதை. முதலில் முடித்தவருக்கு என்று தனிச் சலுகை கிடையாது. முடித்தவர்களில் தப்பான முயற்சி குறைவாகச் செய்தவர் மேலே. இதில் தூரம், துடிப்பு, ட்ரிகர் எதற்கும் வேலை இல்லை. அட்மினுடைய நண்பர்களுக்குக் கொஞ்சம் முன்கூட்டித் தெரிந்தது என்று வழக்கமாகக் கிளம்பும் பேச்சும் வராதபடி, முடிந்தவுடன் எல்லாருடைய முயற்சிகளையும் நேரத்தோடு வெளியிட்டோம். 12 வருடத்தில் நான் பார்த்த போட்டிகளில் இதுதான் சிறந்தது என்று வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்கிறேன்.

அதிலும் குறை வந்தது. ஒரு விடுகதைக்கு விடை வலம்புரிச் சங்கு. எங்கள் கடலோரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆயிரக்கணக்கான இடம்புரிக்கு நடுவே எப்போதாவது கிடைப்பது அது. பின்லாந்திலிருந்து ஆடுபவர் அந்த ஒன்றுக்கே நான்கு தப்பான முயற்சி செய்து ஆறாவது இடத்துக்கு இறங்கிவிட்டார். "இத்தனை நாள் நாங்கள் உன்னிடம் பனிச்சறுக்கு பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம், பழிவாங்கிவிட்டாய்" என்று எழுதினார். நான் வேண்டுமென்றே செய்யவில்லை. அவர்களும் செய்திருக்க மாட்டார்கள். திரைவாசிப்பான் நண்பர் மூன்றாம் இடம்.

போன வருடம் அட்மின் ஒரு நல்ல காரியம் செய்தார். மாதத்தில் ஒரு போட்டி ஆசியக்காரர்களுக்கு வசதியாக, நம் நேரப்படி இரவு 8 மணிக்கு. வழக்கமாக நாற்பது பேர் வரும் இடத்தில் முதல் மாதம் ஒன்பது பேர். இரண்டாம் மாதம் ஏழு. மூன்றாம் மாதம் நான்கு பேர்தான் வந்ததால் நிறுத்திவிட்டார்கள். எழுதிக் கேட்டு வாங்கியவனே நான்தான். அந்த மூன்றாம் மாதம் நான் போகவில்லை. தங்கச்சி வீட்டில் காதுகுத்து, தேவிபட்டினத்தில். காக்காவும் எனக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார்.