72 தட்டு ஆயில் கூலர் கிட்: கூலரை விட தெர்மோஸ்டாட் பிரமாதம்

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின், காற்றால் குளிரும் எஞ்சினை 1776 சிசிக்கு ஏற்றினால் கூடவே சூடும் ஏறும். நெடுஞ்சாலையில் நிறுத்தாமல் ஓட்டினால் என் வண்டியில் ஆயில் 120 டிகிரியைத் தாண்டும். சூட்டில் ஆயில் நீர்த்துப் போய், ஐடிலில் பிரஷர் விளக்கு மினுக்கும். கிட் மாட்டிய பிறகு அதே ஓட்டத்தில் முள் 95-ஐ ஒட்டியே நிற்கிறது. விளக்கும் அடங்கிவிட்டது.

பெட்டியில் கூலர், விசிறி, தெர்மோஸ்டாட், ஹோஸ், ஃபிட்டிங் எல்லாம் இருக்கிறது. இதில் உருப்படியான சாமான் தெர்மோஸ்டாட்தான். 82 டிகிரி வரும்வரை பெரும்பாலான ஆயிலைக் கூலர் பக்கம் விடாமல் திருப்பிவிடுகிறது. இது இல்லாமல் பெரிய கூலரை மட்டும் மாட்டினால், குறைந்த தூரம் ஓடும் நாட்களில் ஆயில் சரியாகச் சூடேறாது. உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்து, வால்வ் கவருக்குள் வெண்ணெய் மாதிரி அப்பிக்கொள்ளும்.

ஹோஸ் விஷயத்தில் கிட் சொதப்பல். பித்தளை முனையில் செருகி கிளாம்ப் போட்டு இறுக்கும் வகை. ஆயில் கெட்டியாக இருக்கும் குளிர் ஸ்டார்ட்டில் பிரஷர் எகிறும்; அப்போது ஒரு ஹோஸ் கழன்றால் போச்சு. இந்த எஞ்சினில் இருப்பதே 2.5 லிட்டர் ஆயில். நான் அதை மாட்டவே இல்லை, மறை உள்ள முனையை நசுக்கிப் பொருத்திய கிரிம்ப் ஹோஸ் செய்து போட்டேன். ஃபில்டர் மவுன்ட்டும் தரவில்லை. கம்பெனியில் வருவது வெறும் சல்லடைதான். எப்படியும் பம்ப் கவரிலிருந்து ஆயிலை வெளியே எடுக்கிறோம், அதே லைனில் ஃபில்டர் வைக்காமல் விடுவானேன்?

கூலரை எஞ்சினுக்குப் பின்னால் சைலன்சர் பக்கம் மாட்டாதீர்கள். கியர்பாக்ஸ் பக்கம், அடிப்பலகைக்குக் கீழே, சூடான காற்று வெளியேற இடைவெளி விட்டு மாட்டினால் வேலை செய்யும்.

வாங்குவதற்கு முன் எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளையும் ரப்பர் சீல்களையும் பாருங்கள். அங்கே ஓட்டை இருந்தால் கீழிருந்து வரும் சூடான காற்றையே எஞ்சினின் சொந்த விசிறி திரும்ப இழுக்கும். பழைய ஷ்ரவுட் (விசிறிக் காற்றைச் சிலிண்டர்களுக்குத் திருப்பும் தகட்டுக் கூடு) என்றால் 1971 மாடலில் வந்த, கம்பெனி ஆயில் கூலருக்குத் தனி அறை உள்ள டாக்ஹவுஸ் வகைக்கு மாறுங்கள்; மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றை ஆயில் கூலர் மறிக்காது. இக்னிஷன் டைமிங்கும் கார்புரேட்டரும் சரியாக இருந்து, இவ்வளவும் செய்து, அப்புறமும் ஆயில் சூடு 110-க்குக் கீழே இறங்காதவர்களுக்கு மட்டுமே இந்தக் கிட்.

இன்னொன்று: கிட்டில் வரும் விசிறிக்கு ரிலே (ஸ்விட்ச்சுக்குப் பதில் அதிக கரண்ட்டைத் தாங்கும் சாமான்) தரவில்லை. தனியாக வாங்கி ஃப்யூஸோடு போடுங்கள், ஸ்விட்ச் கருகாது.